சாயங்கால முகம்

எனக்கு வந்தது மட்டமான பொறாமை. அதற்குக் கௌரவமான வேறு பெயர் எதையும் நான் வைக்கப் போவதில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிற ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்து, தன் புருஷன் சிரிப்பதை வேவு பார்த்தாள் என்றால் அதற்குப் பெயர் வேறு என்ன?

சிரிப்பைத்தான் பார்க்கப் போனேன். அது எங்கள் வீட்டுக்கு வருவது நின்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

லாஸ்பேட்டையில் அரசு குடியிருப்பில் மாடி வீடு எங்களுடையது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதனால் வீட்டில் நானும் அவரும்தான். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. கீரை விற்க வருகிற அம்மாவிடம்கூடக் கால் மணி நேரம் கதையளக்காமல் விடமாட்டார். சாப்பிடும்போது அவர் அலுவலகக் கதைகளை நடித்துக் காட்டி, எனக்குச் சோறு மூக்கில் ஏறி இருமிய நாட்கள் உண்டு. அந்த மனிதர் போன வருடம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து சாயங்காலங்களில் ஊமையாகிவிட்டார்.

அலுவலகத்திலிருந்து வருவார். நாற்காலியில் சரிவார். நான் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் கண் பாதி மூடிக்கொள்ளும். இடது கண் கொஞ்சம் அதிகமாகவே. "கேக்கறீங்களா?" என்றால், "ம்" என்பார். ஆசையாகச் செய்த மட்டன் குழம்பைப் பாதி மென்றுவிட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார். "போதும்" என்பார். அந்தப் "போதும்" மூக்கு வழியாக வரும். என்னைப் பழிப்புக் காட்டுகிறாரோ என்றுகூடத் தோன்றும். எப்போதாவது நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கப் பார்ப்பார். மேலுதடு நடுவில் மட்டும் ஏறும், ஓரங்கள் அசையாது. கடிக்க வரும் நாய் முதலில் காட்டுகிற பல் மாதிரி இருக்கும். வீடியோ அழைப்பில் மகளே ஒரு நாள் கேட்டாள்: "அப்பா ஏம்மா மொறைக்கிறாரு? சண்டையா?"

சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் காரணமாவது தெரிந்திருக்கும்.

ஆனால் காலையில் வேறு ஆள். எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே விசிலடிப்பார். கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருக்கும். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இரும்புக் குண்டுகள் இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு, "போய்ட்டு வந்துடறேன்" என்று படியிறங்கிப் போய்விடுவார். நான் அடுப்படியில் குக்கரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருப்பேன். பிறகு நான் பள்ளிக்கூடம், அவர் அலுவலகம். பளிச்சென்ற அந்த முகம் எனக்குக் கிடைத்தது அவர் சட்டை போடுகிற நேரம் மட்டும்தான்.

அவர் போனது பெத்தாங் ஆட. பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போனபோது குண்டை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு சின்ன மரக் குண்டை முதலில் வீசிவிட்டு, அதற்கு யார் கிட்டத்தில் இரும்புக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதுதான் ஆட்டம். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒரே திடலில் ஆடுவார்கள். இவர் அப்பா மில் தொழிலாளி. பிரெஞ்சுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். இவருக்குக் கையும் வாகாக அமைந்துவிட்டது. நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். தொப்பை குறையும் என்று.

பிறகு ஒரு நாள் அவர்கள் வாட்ஸப் குழுவில் வந்த படம் ஒன்றைப் பார்த்தேன். இவர் நடுவில் நிற்கிறார். வாய் கொள்ளாத சிரிப்பு. முன்பற்களுக்கு நடுவில் இருக்கிற சந்து தெரிகிறது. கண்ணோரம் சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். பக்கத்தில் ஒரு பெண். கத்தரித்த முடி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கையில் குண்டு. படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு இவர் சிரிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

"யாருங்க இது?"

"மதாம். பிரான்ஸ்லேர்ந்து வந்தவங்க. வீட்டுக்காரர் தவறிட்டாரு. பசங்க அங்கயே இருக்காங்க. நல்லா ஆடுவாங்க."

எல்லோருக்கும் அவள் மதாம்தானாம். அவள் இவரை "முசே" என்று கூப்பிடுவாளாம், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. முசேயாம், முசே! முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதும்போது பிறந்த பிள்ளை, முசே!

அந்த வாரம் பள்ளியில் சினாப்ஸ் பாடம். நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மூளையிலிருந்து கால் விரல் வரை ஒரே கம்பியாக ஓடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். இல்லை, நடுவில் இடைவெளி உண்டு. செய்தி மின்சாரமாக ஓடி வந்து விளிம்பில் நின்றுவிடும். அங்கே காத்திருக்கிற சின்னச் சின்னப் பைகள் திறந்து ஒரு ரசாயனத்தை இடைவெளியில் கொட்டும். அது அக்கரைக்குப் போய், தனக்கென்று இருக்கிற ஏற்பியில் உட்கார்ந்தால்தான் அடுத்த செல் விழித்துக்கொள்ளும். நரம்பு தசையைச் சந்திக்கிற இடத்திலும் இதே கதைதான். நாம் கண்ணைத் திறப்பதும் வாயைத் திறப்பதும் அந்த இடைவெளியைத் தாண்டித்தான்.

இதை நான் சாக்பீஸ் துண்டுகளை வைத்து நடத்துவேன். இந்தப் பக்க பெஞ்சிலிருந்து ஒருத்தி பிடி பிடியாகத் துண்டுகளை வீசுவாள். நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு கையாலும் பிடிப்பாள். போதுமான அளவு பிடித்துவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். நடைவழியில் மூன்றாவது ஒருத்தி துடைப்பத்தோடு நிற்பாள். விழுந்ததை அப்போதைக்கப்போது கூட்டித் தள்ளுவது அவள் வேலை. கூட்டாவிட்டால் எது பழைய செய்தி, எது புதுச் செய்தி என்றே தெரியாது. வகுப்பே சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார்.

அன்றைக்கு ஒருத்தி கேட்டாள்: "பிடிக்கிறவ கையக் கட்டிட்டா என்ன மிஸ் ஆவும்?"

பிடிக்கிறவளின் ஒரு கையைக் கைக்குட்டையால் கட்டிக் காட்டினேன். முதல் வீச்சில் எப்படியோ பிடித்து எழுந்துவிட்டாள். அடுத்ததில் பாதிதான் எழுந்தாள். வீசுகிறவளுக்கும் போகப் போகக் கை ஓய்ந்து துண்டுகள் குறைந்தன. பிறகு இவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "இப்படி ஒரு நோய் இருக்கு. நரம்பு நல்லாத்தான் இருக்கும், தசையும் நல்லாத்தான் இருக்கும். வாங்கிக்கிற எடம் அடைச்சிக்கும். மொதல்ல வேலை செய்யும், செய்யச் செய்ய ஓஞ்சிடும். பரீட்சைக்கு வராது, விடுங்க" என்றேன்.

பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

"அங்க அந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்க. எனக்கு மட்டும் எதுக்கு இந்த மூஞ்சி?"

"களைப்பா இருக்கும்மா."

"காலைல குண்டு தூக்கிப் போடறதுக்குக் களைப்பு இல்லியா?"

"காலைல நல்லாத்தான் இருக்கேன். சாயந்திரம் ஆனா முடியல."

அது என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னை விட்டுப் போகும்போது நன்றாக இருக்கிறார், என்னிடம் வரும்போது முடியவில்லை. அவ்வளவு வெளிப்படையாக ஒரு மனிதர் ஒப்புக்கொண்ட பிறகு பேச என்ன இருக்கிறது? சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமடமவென்று அடுக்கினேன். அவர் கண் மூடியிருந்தது. அதுவும் எனக்குத் திமிராகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் தண்ணீர் லாரி.

அவர் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். கடற்கரைக் காற்று சில்லென்று வீசியது. திடலில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். மதாம் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள், அதையும் சொல்லித் தொலைக்கிறேன். இடுப்பில் ஒரு துணியைச் செருகியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குண்டைத் துடைத்துவிட்டு வீசினாள். இவர் குண்டு மரக் குண்டை உரசிக்கொண்டு போய் நின்றபோது, "பிராவோ, முசே!" என்று கை தட்டினாள். இவர் சிரித்தார். நான் தேடிக்கொண்டு வந்த சிரிப்பு அதுதான். கண்ணோரச் சுருக்கம், பல் சந்து, எல்லாம் முழுசாக இருந்தது. இவ்வளவையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறார்.

எந்தக் குண்டு கிட்டத்தில் என்று சந்தேகம் வந்தால் அவர்கள் டேப் வைத்து அளப்பார்கள். அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை இவர் கையில். இரண்டு பேரும் மண்ணில் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டாத குறை. மில்லிமீட்டர் பார்க்கிறார்களாம்! எனக்கு லாரியின் சக்கரத்தை உதைக்க வேண்டும் போல இருந்தது.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் பொறாமைப்படுகிறவளுக்குப் போதும் என்பது கிடையாது. இரண்டாவது ஆட்டத்தையும் பார்த்தேன். இவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தின்போது வெயில் ஏறிவிட்டது. அவள் ஏதோ வேடிக்கை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரிக்கப் பார்த்தார். மேலுதடு நடுவில் மட்டும் ஏறியது. ஓரங்கள் அசையவில்லை.

அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். சொன்னது பிடிக்கவில்லையோ, தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று தேடுகிற முகம். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். "உனக்கும் அதேதானா!" என்று மனசு குதித்தது. குதித்து முடிப்பதற்குள் இன்னொன்றையும் பார்த்தேன். இவருடைய முறை வந்தது. மண்ணில் கீறிய வட்டத்துக்குள் நின்று தலையைப் பின்னால் சாய்த்தார். இமை கண்ணை மறைத்திருந்ததால் அதற்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறார். அதுவும் போதவில்லை. இடது கை விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் குண்டை வீசினார்.

எனக்குக் கைக்குட்டை கட்டிய பெண்ணின் கை ஞாபகம் வந்தது. முதல் வீச்சில் எழுந்தாள், இரண்டாவதில் பாதி எழுந்தாள், பிறகு எழவில்லை. காலையில் நல்லாத்தான் இருக்கேன், சாயந்திரம் முடியல. பாதி மென்ற மட்டன், மூக்கில் வந்த பேச்சு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டு நாளைக்கு முன்னால்தான் நடுவகுப்பில் நின்று இதை நடத்தியிருக்கிறேன்.

லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நேராகத் திடலுக்குள் நடந்தேன். என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பெண்டாட்டி சண்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"நீ எங்க இங்க?" என்றார் அவர் மூக்கால்.

மரத்தடியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் குடிக்க எலுமிச்சைச் சாறு வைத்திருந்தார்கள். அதைத் திறந்து ஒரு பிடி ஐஸை அள்ளித் துப்பட்டாவில் சுற்றினேன். "உக்காருங்க. கண்ணை மூடுங்க" என்றேன். சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார். இடது கண் மேல் ஐஸை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் என் முழங்கை வழியாக ஒழுகியது.

"என்னா ஆச்சு மதாம்?" என்று கேட்டாள் மதாம். என்னையும் மதாம் என்றுதான் கூப்பிட்டாள்.

துப்பட்டாவை எடுத்தேன். "தொறங்க."

இடது கண் முழுசாகத் திறந்தது. ஐஸ் வைக்காத வலது கண் பாதியில் தொங்கியது. அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. பல மாதம் கழித்து நேருக்கு நேராக, பளிச்சென்று.

"மோன் தியே!" என்று மதாம் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

குளிர்ச்சியில், என் வகுப்பு நடைவழியில் நின்ற அந்தத் துடைப்பக்காரியின் கை மரத்துப்போகும். இடைவெளியில் விழுந்த ரசாயனம் கொஞ்ச நேரம் கூட்டப்படாமல் கிடக்கும். அடைபடாமல் மிச்சமிருக்கிற ஏற்பிகளுக்கு அதைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது ஐஸ் பெட்டி மதாமுடையது என்பதுதான். அதற்கும் எரிந்தது.

மறுநாளே கதிர்காமம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இவரைக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் மெல்ல இறங்கின. பிறகு கையிலும் முகத்திலும் கம்பி ஒட்டி, நரம்புக்கு அடுத்தடுத்து மின்சாரம் கொடுத்தார்கள். திரையில் முதல் கோடு உயரமாக எழுந்தது. அடுத்தடுத்த கோடுகள் குட்டையாகிக்கொண்டே போயின. மூன்று ஆட்டமும் அந்தத் திரையில் ஓடியது மாதிரி இருந்தது எனக்கு. ரத்தம் எடுத்தார்கள், மார்பை ஸ்கேன் செய்தார்கள். உடம்பு தன் காவலாளிகளையே தவறாக ஏவி ஏற்பிகளை அடைக்கிறது என்றார் டாக்டரம்மா. துடைப்பக்காரியை மெதுவாகக் கூட்டச் சொல்ல ஒரு மாத்திரை, காவலாளிகளை அடக்க ஒரு மாத்திரை. வேளை தவறக் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே வர வேண்டும். கொஞ்ச காலம் அலுவலகமும் வேண்டாம், திடலும் வேண்டாம்.

"மாத்திரை போட்டா சில மணி நேரம் நல்லா இருக்கும். அதுக்காக அலட்டிக்கக் கூடாது. பேச்சு, சாப்பாடு, கண்ணு, எல்லாமே தசைதான். எதை அதிகம் செலவு பண்ணீங்களோ அது சீக்கிரம் ஓஞ்சிடும்" என்றார்.

நோய் என்று தெரிந்ததும் என் பொறாமை ஓடிப் போயிருக்க வேண்டும். நல்ல மனைவிக்கு அப்படித்தான் நடந்திருக்கும். எனக்கு அது இன்னும் கூர்மையாகிவிட்டது. முன்பு அவருடைய நல்ல முகம் ஏன் எனக்கு வரவில்லை என்று தெரியாமல் பொருமினேன். இப்போது அது ஒரு அளவுக்குத்தான் இருக்கிறது, செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று தெரிந்து பொருமினேன். அவர் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில். காலை மாத்திரையின் நல்ல நேரம் முழுவதும் வீட்டில் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. திடல் நண்பர்கள் போனில் கூப்பிட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மதாமும் வந்தாள், கையில் கேக்கோடு. அவள் வந்துபோன நாளில் நான் வீடு திரும்பும்போது மேசையில் பாதி கேக் இருக்கும், நாற்காலியில் பாதி மூடிய கண்ணோடு இவர் இருப்பார். கேக்கிலும் மிச்சம்தான் எனக்கு, புருஷனிலும் மிச்சம்தான்.

ஒரு நாள் தாங்கவில்லை. வாய் விட்டுக் கேட்டுவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் பந்தி போடறீங்க. எனக்கு மட்டும் எச்சில் எலையா?"

நோயாளியிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இமை எவ்வளவு விட்டதோ அவ்வளவு. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அவர் உடம்பு தேற ஆரம்பித்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். நான் சாயங்காலம் வரும்போது எழுந்து உட்கார்ந்திருப்பார். சட்டை மாற்றியிருப்பார். "வா, வா. அந்த ரெட்டைச் சடை இன்னிக்கி என்னா கேட்டா?" என்பார். சாக்பீஸ் வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணைத்தான் அப்படிச் சொல்வார். நான் சொல்லச் சொல்லச் சிரிப்பார். கண்ணோரம் சுருங்கும், பல் சந்து தெரியும். ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மென்று முடித்துவிடுவார். காவலாளிகளை அடக்குகிற மாத்திரை பிடித்துக்கொண்டுவிட்டது என்று மகளிடம் போனில் பெருமையடித்தேன்.

அடுத்த ஞாயிறு பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்க நின்றுகொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. மதாம். அவள் கண் கலங்கியிருந்தது.

"மதாம், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. முசேவுக்கு என் மேல என்னா கோவம்?"

"கோவமா? அப்படி ஒண்ணும் இல்லியே."

"இந்த வாரம் ரெண்டு வாட்டி வந்தேன். கண்ணை மூடிட்டுப் படுத்தே கெடக்கறாரு. பேசினா கையை இப்படி ஆட்டறாரு, போன்னு. போன் பண்ணா எடுக்கறதில்ல. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே எடுக்கறதில்ல. சீக்கு முத்திடுச்சா? நீங்க பகல்ல இல்ல, உங்களுக்குத் தெரியாது."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மீனை வெட்டி வாங்காமலே வந்துவிட்டேன். பகலில் ஒருவரிடமும் பேசாத மனிதர் சாயங்காலம் என்னிடம் எப்படிப் பேசுகிறார்? உண்மையிலேயே முத்திவிட்டதோ, என்னிடம் மட்டும் மறைக்கிறாரோ என்று பயமாக இருந்தது. அதற்கு அடியில், உண்மையைச் சொல்வதென்றால், இன்னொன்றும் இருந்தது. அவர்களுக்குள் கோபதாபம் வருகிற அளவுக்கு நெருக்கமா என்ற பழைய எரிச்சல். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேவு பார்ப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் மதியத்துக்கு மேல் பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். யார் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம் என்று கதவை வெறுமனே சாத்தி வைப்பது எங்கள் வழக்கம்.

அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் மேல் ஈரத் துணி. போன் அணைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் காலையில் செய்து வைத்த சோறும் பொரியலும் மூடியபடியே இருந்தன. பக்கத்தில் கஞ்சி குடித்த டம்ளர். மெல்ல வேண்டாத சாப்பாடு. மேசையில் நான்கு மணி மாத்திரை ஒரு மூடியில் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மின்விசிறி சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

தரை ஓடு ஒன்று என் காலடியில் லேசாக அசைந்தது. அவர் துணியை எடுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. படுத்தபடியே கையை மட்டும் தூக்கி, போ, போ என்று ஆட்டினார்.

மதாம் என்று நினைத்துக்கொண்டு ஆட்டினார்.

நான் ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் வெயில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல், ஒரு வாய் மெல்லாமல், கண்ணைக்கூடத் திறக்காமல் கிடக்கிறார். என்னிடம் யாரும் இவ்வளவு ஆசையாக இருந்ததில்லை. மதாமைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பாவம், அவள் அழாத குறையாகக் கேட்டாள். போன் கையில்தான் இருந்தது. சொல்லத்தான் வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை என்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பள்ளி விட்டு வழக்கமாக வருகிற நேரம் ஆனதும் தெருமுனைக்குப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். வாசலில் ஹாரனும் அடித்தேன். செருப்புச் சத்தம் கேட்கும்படி படியேறினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரைச்சீலை விலக்கியிருந்தது. தலை வாரியிருந்தார். மூடியில் மாத்திரை இல்லை. கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"வந்துட்டியா? வா. உக்காரு. ரெட்டைச் சடை இன்னிக்கி என்னா கேட்டா?"

அன்றைக்கு மதியத்துக்கு மேல் நான் வகுப்புக்கே போகவில்லை. அதனால் ஒரு கதையை நானே கட்டிச் சொன்னேன். துடைப்பம் வைத்திருந்தவள் சாக்பீஸைக் கூட்டாமல் தன் பையில் போட்டுக்கொண்டாள், ரெட்டைச் சடை அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று. அவர் சிரித்தார். முழுச் சிரிப்பு. அவர் பதிலுக்கு அவருடைய பழைய மேலதிகாரி கதை ஒன்றை நடித்துக் காட்டினார். நான் பலமுறை கேட்ட கதைதான். கேட்டுக்கொண்டேயிருந்தேன். விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவருடைய இடது இமை லேசாக இறங்கத் தொடங்கியது. பேச்சின் ஓரத்தில் மூக்கு எட்டிப் பார்த்தது.

"போதுங்க. படுத்துக்கங்க. நாளைக்கிப் பேசிக்கலாம்."

அவர் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நீ சொல்லு."